சுவரைப் பார்த்து நின்ற வண்டி

பதிவுத் தபால்
காகுவாஸ், புவேர்ட்டோ ரிக்கோ
14 செப்டம்பர் 1992

நொரைடா,

வக்கீல் சொன்னபடி எழுத்திலேயே சொல்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் நீதான்.

விஷயம் நம் கார் ஒல்லியைப் பற்றியது. விவாகரத்துத் தீர்ப்பில் கட்டில், குளிர்பெட்டி, தட்டுமுட்டு எல்லாவற்றையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்த நீதிபதி, காரை அறுக்க முடியாததால் இரண்டு பேர் பெயரிலும் விட்டுவிட்டார். விற்றால் ஆளுக்குப் பாதி. ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் விற்க முடியாது. இதெல்லாம் உனக்கும் தெரியும்.

இப்போது ஒரு கெட்ட செய்தி. ஜப்பான்காரர்கள் ஒல்லிக்குப் புது மாடல் அறிவித்துவிட்டார்கள். மார்ச்சில் தீவுக்கு வந்துவிடும். என்னைப் போல உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் முதலில் தெரிந்துவிடுகிறது. படம் பார்த்தேன். இரட்டை டர்போ, மீன் மாதிரி உடம்பு. பழைய மாடல் வைத்திருக்கிற அத்தனை பேரும் அடித்துப் பிடித்து விற்கிறார்கள். போன வாரம் ரியோ பியெத்ராஸில் ஒருவன், நம்முடையதைப் போலவே சிவப்பு, 86-ஆம் வருடத்து வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். இன்றைக்கு ஒல்லியை விற்றால் ஐந்தாயிரம் டாலர் கிடைக்கும். புதுசு வந்த பிறகு அதுவும் கிடைக்காது.

அதனால் நானே உன் பாதியை வாங்கிக்கொள்கிறேன். இரண்டாயிரத்து ஐந்நூறு. நஷ்டம் எனக்கு வரட்டும். உன் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன். இன்னும் எத்தனை நாள் உன் அத்தை மகள் வீட்டு சோபாவிலேயே படுத்திருப்பாய்? இது தனி அறை பார்க்க முன்பணமாகும்.

இத்துடன் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அங்கே வெயில் எப்படி?

எஃப்ராயின்


பதிவுத் தபால்
கிஸ்ஸிமி, ஃப்ளோரிடா
28 செப்டம்பர் 1992

எஃப்ராயின்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது, எதை எழுதாமல் விட்டிருக்கிறாய் என்று பார்க்க.

என் நல்லதுக்காக என்று நீ சொன்ன போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது. சலீனாஸில் உன் மாமாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்க்காவிட்டால் ஊர் என்னைத்தான் பேசும் என்று ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாமா செத்து நாலு வருடம் ஆகிவிட்டது என்று உன் அம்மா வாயிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. சலீனாஸில் மாமா இல்லை, பந்தயத் தடம் இருந்தது. "கம்பெனிக்காரன் சும்மா குடுத்தான்" என்று நீ சொன்ன டயர்களுக்கு நான் இரண்டு மாதம் தவணை கட்டினேன். வேறொருத்தியிடம் போயிருந்தால் அவள் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன். காரிடம் போகிறவனுக்காக நான் யார் வாசலில் நிற்பது?

நீ ஒல்லியை விடமாட்டாய். அது எனக்குத் தெரியும். அதனுடைய நிஜமான விலையில் பாதியைக் கொடுக்க உன்னிடம் பணமில்லை. அதுவும் தெரியும். ஆகவே விலையைக் கீழே இறக்குகிறாய்.

நான் விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டாய். எங்கள் பழைய வண்டிகளை ஏலத்தில் விற்கிறவர் டெரன்ஸ். அவரைக் கேட்டேன். "புது மாடல் வந்தா பழசு விலை இறங்கும்மா, சரிதான். ஆனா எல்லா வண்டிக்கும் இல்ல. அந்தப் புதுசு என்ன விலைன்னு மொதல்ல கேளு. வாங்கவே முடியாத விலையா இருந்தா, ஆசைப்பட்டவன் எல்லாம் பழசைத்தான் தேடுவான்" என்றார். உன் கடிதத்தில் இரட்டை டர்போ இருக்கிறது, மீன் இருக்கிறது, புதுசின் விலை மட்டும் இல்லை.

உன் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நானே ஒரு பத்திரம் அனுப்புகிறேன், இங்கே நோட்டரி முன்னால் எழுதியது. யாருக்கு வேண்டுமானாலும் நீ ஒல்லியை விற்கலாம், உன்னைத் தவிர. முன்கண்ணாடியில் எழுதி வெளியில் நிறுத்து. பாதியை அனுப்பு.

இங்கே வெயிலுக்குக் குறைச்சல் இல்லை.

நொரைடா


பதிவுத் தபால்
காகுவாஸ்
19 அக்டோபர் 1992

நொரைடா,

பத்திரம் வந்தது. "மேற்படி எஃப்ராயின் மாத்தோஸ், அவருடைய சகோதரர்கள், சித்தப்பா பெரியப்பா மக்கள், மைத்துனர்கள் நீங்கலாக" என்று எழுதச் சொன்னது நீயா, அந்த டெரன்ஸா? நான் ஞானத்தகப்பனாக நின்ற குழந்தையை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? அவனுக்கு நாலு வயது ஆகிறது, பெடல் எட்டாது. இருந்தாலும் என்னை நம்ப முடியாதே.

புது மாடலின் விலையை நான் எழுதவில்லை என்றால் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இன்னும் யாருக்கும் தெரியாது.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். வெள்ளை ஷூ பாலிஷால் முன்கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று எழுதி, கடை போன் நம்பரும் போட்டேன். மனசு வராமல் இரண்டு முறை அழித்து எழுதினேன். நீ நம்பமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குவாவாத்தேக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பன்றி சுடுகிற கடைகளை ஒட்டி விற்கிற வண்டிகள் வரிசையாக நிற்குமே, அங்கேதான். ஜனங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மொறுமொறு தோலைக் கடித்தபடி ஒவ்வொரு வண்டியாகச் சுற்றி வருகிறார்கள். ஒல்லியை ஒரு நாய்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. புதுசு வருகிற சேதி எல்லோருக்கும் எட்டிவிட்டது. நான் சொன்னபோதே கேட்டிருக்கலாம்.

அந்த டெரன்ஸ் யார்? வேலை நேரத்தில் என் காரைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து பேச அவனுக்கு என்ன அவசியம்? அவன் எனக்கு நல்லவனாகத் தெரியவில்லை.

எஃப்ராயின்


பதிவுத் தபால்
கிஸ்ஸிமி
23 நவம்பர் 1992

எஃப்ராயின்,

ஏறெடுத்துப் பார்க்கவில்லையா? பார்க்க முடியாதபடி நிறுத்தினால் யார் பார்ப்பார்கள்?

எல்லா வண்டிகளும் சாலையைப் பார்த்து நிற்கின்றனவாம். ஒல்லி மட்டும் கடைசிக் கடைக்குப் பின்னால், மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நிற்கிறதாம். நீ அழித்து அழித்து எழுதியதைச் சுவரில் இருக்கும் பல்லிகள் படிக்கின்றன. நீயோ இருபது அடி தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டு, வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டு, சாயங்காலம் வரை யாரும் வராத நிம்மதியில் இருந்துவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகிறாய். போகிற வழியில் மலைச் சாலையில் இரண்டு சுற்று வேறு.

இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்காதே. எனக்கு அங்கே கண் இருக்கிறது. இனிமேல் உன்னிடம் விலை கேட்கிறவர்களில் ஒருவர் என் ஆள். யார் என்று உனக்குத் தெரியப் போவதில்லை. அதனால் எல்லோரிடமும் உண்மையான விலையைச் சொல். பழக்கமில்லாத வேலைதான், முயன்று பார்.

டெரன்ஸ் யார் என்று கேட்கிற உரிமையை நீதிபதி உனக்குப் பிரித்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

சோபாவில் முதுகு வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக அரை விலைக்கு விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே.

நொரைடா


பதிவுத் தபால்
காகுவாஸ்
11 ஜனவரி 1993

நொரைடா,

வாழ்த்துகள். ஒல்லி இனி உன்னுடையது. நீ ஜெயித்துவிட்டாய் என்று நானே எழுதிக் கொடுக்கிறேன், வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. நான் வழக்கமான இடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒல்லிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. பக்கத்தில் பூப்போட்ட கவுனில் மனைவி வந்து சேர்ந்தாள்.

"தம்பி, இது விக்கிற வண்டியா?"

எனக்கு உடனே பொறி தட்டியது. சுவரைப் பார்த்து நிற்கிற எழுத்தை ஒருவர் எப்படிப் படிக்க முடியும்? எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால்தான் முடியும். ஓகோ, நொரைடாவின் ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

"ஆமாங்க, விக்கிறதுதான்."

"என்ன விலை?"

உனக்கு எழுதிய விலையைத்தானே உன் ஆளிடமும் சொல்ல வேண்டும்? மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். "அஞ்சாயிரம். அதுவே ஜாஸ்திதான். மார்ச்சுல புதுசு வந்துருது. அப்புறம் இதை எடைக்குத்தான் போடணும்" என்றேன், உரக்க, உன் காது வரை எட்டட்டும் என்று.

"அஞ்சா?" என்று மனைவியைப் பார்த்தார்.

"ஏன், அதிகமா இருக்கா?"

"சேச்சே, இல்ல தம்பி."

அந்த அம்மாள் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். ஏற்றும்போது பாதியில் நின்றதும், யோசிக்காமல் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளினாள். நீ தள்ளுவாயே, அதே மாதிரி. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

"யாரு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

"யாரு அனுப்பறது? நாங்களாத்தான் வந்தோம்."

"சரி சரி, அப்படியே இருக்கட்டும்" என்று கண்ணடித்தேன். அந்த மனிதர் கொஞ்சம் பயந்துபோனார்.

மாயகுவெஸ்காரராம், பெயர் தோன் அன்செல்மோ. ஐந்தாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள், முழுப் பணத்தோடு நோட்டரி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நீ கடைசி நிமிடத்தில் போன் செய்து நிறுத்துவாய் என்று நான் வாசலையும் போனையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் வரவில்லை. அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. உனக்கு வேண்டியது விலை இல்லை, வண்டி. அடிமாட்டு விலைக்கு என்னிடமிருந்தே பிடுங்கி, மார்ச் தாண்டி விற்கப் பார்க்கிறாய். என் பொய்யை வைத்தே என்னை மடக்கிவிட்டாய்.

எழுந்து போயிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. எவனிடமோ போவதற்கு நொரைடாவிடம் போகட்டும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று என்னைக் கேட்காதே. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஒல்லி பத்தாயிரம் போகும். உன் டெரன்ஸ் சொன்னது சரி. புதுசின் விலை எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். தீவின் வரியும் சேர்ந்தால் அதை டாக்டர்கள்தான் வாங்க முடியும். பழைய மாடலை விற்கப் போகிறவன் அதற்கு கிளட்ச் வாங்கமாட்டான், இல்லையா? என் கவுண்டரில் அப்போதிருந்தே அத்தனை பேரும் பழசுக்குத்தான் கிளட்சும் கேஸ்கெட்டும் கேட்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் உன் பாதியை அவசரமாக வாங்கப் பார்த்தேன்.

காலையில் கிளப்பியதும் மிதிக்காதே. சூடு காட்டும் முள் நடுவுக்கு வரட்டும். இரண்டாவது கியருக்கு முரட்டுத்தனமாக இழுத்தால் அவளுக்குக் கோபம் வரும், பதமாகக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணெய் குடிப்பாள், அது நோயில்லை, சுபாவம். மழையில் பின்சக்கரம் வழுக்கும், ஒழுங்காக ஓட்டு. வலது கண்ணாடியைச் சரி செய்துவிடாதே.

பணம் வங்கியில் இருக்கிறது. உன் பணத்திலிருந்தே உனக்குப் பாதி அனுப்புவது எப்படி என்று வக்கீலைக் கேட்க வேண்டும்.

எஃப்ராயின்


பதிவுத் தபால், அவசரம்
கிஸ்ஸிமி
18 ஜனவரி 1993

எஃப்ராயின்,

மாயகுவெஸில் எனக்கு யாரையும் தெரியாது. தோன் அன்செல்மோ என்ற பெயரையே உன் கடிதத்தில்தான் முதல் முறை படிக்கிறேன். நான் அவரை அனுப்பவில்லை. அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. ஐந்தாயிரம் டாலர் இருந்தால் நான் ஏன் சோபாவில் படுக்கிறேன்?

என் ஆள் சேயோ. உனக்கு முடி வெட்டுகிற சேயோ! அவன் மனைவி மிலாக்ரோஸ் எனக்கு எழுதுவாள். டிசம்பரில் நீ கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் உன்னைக் கேட்டானே:

"என்னப்பா, ஒல்லியை எட்டாயிரத்துக்குக் கேட்டா குடுப்பியா?"

நீ என்ன சொன்னாய்? "எட்டா? பத்துக்கு ஒரு டாலர் கொறஞ்சாலும் சாவியைக் காட்டமாட்டேன். மார்ச் வரட்டும், அப்புறம் பாரு" என்றாய். அவன் கையில் கத்தி இருந்தது, நீ உண்மை பேசினாய். என் ஆளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, யாரோ வழிப்போக்கரிடம் பொய் சொல்லி அரை விலைக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய்.

நேற்று ராத்திரி முழுக்க இப்படித்தான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் வேறு ஒன்று தோன்றியது. பத்தாயிரத்துக்கே விற்றுவிட்டு, ஐந்து என்று கணக்குக் காட்டி, வெள்ளைச் சட்டையையும் பூப்போட்ட கவுனையும் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதினாயா? செத்த மாமாவை ஒரு வருடம் படுக்கையில் வைத்திருந்தவன் நீ. உனக்கு ஒரு தோன் அன்செல்மோவை உண்டாக்கத் தெரியாதா? அந்தக் கண்ணாடி விஷயமும், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நினைத்ததாக எழுதியதும், என் வாயை அடைக்கத்தானா?

பத்திரத்தின் நகலை அனுப்பு. நோட்டரியின் போன் நம்பரையும் அனுப்பு. அதுவரை நீ எழுதிய எதையும் நான் நம்பப் போவதில்லை. வலது கண்ணாடி உட்பட.

நொரைடா


பதிவுத் தபால்
காகுவாஸ்
22 மார்ச் 1993

நொரைடா,

பதில் தாமதம். சேயோ கடைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். அவன் பாதி வெட்டிய தலையோடு என்னை அனுப்பிவிட்டான். அப்படியே ஒரு வாரம் கவுண்டரில் நின்றேன்.

பிறகு மாயகுவெஸ் போனேன். ஷேர் வேனில் ஏறி, மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்து. தோன் அன்செல்மோ இருக்கிறார், நான் உண்டாக்கவில்லை. பள்ளிக்கூட சீருடை தைத்து விற்கிறவர். வாசலில் ஒல்லி நின்றாள், கழுவித் துடைத்து.

"உங்களை யாரும் அனுப்பலன்னா, சுவத்துப் பக்கம் இருந்த எழுத்தை எப்படிங்க பாத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே மனைவி இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொல்றதுக்கே கூச்சமா இருக்கு தம்பி. ரெண்டு பீர் குடிச்சிருந்தேன். அந்தக் கடையில கக்கூஸ் முன்னாடி பெரிய வரிசை. சுவர் ஓரமா ஒதுங்கினேன். நிமிந்து பாத்தா கண்ணு முன்னாடி 'விற்பனைக்கு'ன்னு எழுதியிருக்கு."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நான் தேடிப் பிடித்து ஒளித்து வைத்த இடம், ஆண்கள் எல்லோரும் ஒதுங்குகிற இடம். எனக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது.

திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன். கடன் வாங்கியாவது பத்தாயிரம் தருகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். "என் பொண்டாட்டி முப்பது வருஷத்துல எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இதுல உக்காந்தப்பதான், வாங்கிக்கலாமான்னு கேட்டா. எப்படித் திருப்பித் தர்றது, சொல்லுங்க?" என்றார். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பேருந்து நிலையத்தில் விட வந்தார்கள். ஒல்லிக்கு இரண்டே இருக்கை அல்லவா, பின்னால் சரக்கு வைக்கிற இடத்தில் என்னை மடித்து வைத்துக்கொண்டு. இறங்கி நின்று பார்த்தேன். போகும்போது அந்த அம்மாள் கண்ணாடியைக் கையால் தள்ளி ஏற்றிக்கொண்டு போனாள்.

புதுசு வந்துவிட்டது. பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. கூட்டம் பார்க்கிறது, தலையை ஆட்டுகிறது, என் கவுண்டருக்கு வந்து பழைய வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது. ஒல்லி மாதிரி ஒன்று கிடைத்தால் பதினோராயிரம் தருவதாக நேற்று ஒருவன் சொன்னான். அவனுக்கு மாயகுவெஸ் விலாசத்தைச் சொல்லி அனுப்பினேன். வேறு என்ன செய்வது?

பத்திர நகல் இத்துடன் இருக்கிறது. நோட்டரி நம்பர் அதன் பின்பக்கம். காசோலை ஐந்தாயிரத்துக்கு. ஒல்லியின் விலை பத்தாயிரம், அதில் உன் பாதி ஐந்து. மீதி ஐந்து என்னுடைய பாதி. அதை நான்தான் குவாவாத்தே சுவரோரம் விட்டுவிட்டு வந்தேன், அதற்கு நீ பொறுப்பில்லை. சோபாவிலிருந்து எழுந்துவிடு.

இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைப்பாய். வங்கியில் கேட்டுவிட்டே மாற்று.

எஃப்ராயின்


பதிவுத் தபால்
கிஸ்ஸிமி
19 ஏப்ரல் 1993

எஃப்ராயின்,

வங்கியில் கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். காசோலை உண்மையானது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவாயா?

நோட்டரிக்கும் போன் செய்தேன். அலுவலகத்துப் பெண் எடுத்தாள். ஐந்தாயிரம்தான், வெள்ளைச் சட்டைக்காரர்தான், எல்லாம் நீ எழுதியபடியே. நான் வைக்கப் போனபோது அவளே சொன்னாள்: "ஏங்க, அந்த விக்கிறவரு ஒரு மாதிரி ஆளுங்க. கையெழுத்துப் போட்டுட்டு, வாங்கினவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மழையில மெதுவா ஓட்டச் சொல்லுங்க அவளை'ன்னாரு. எவளைச் சொல்றாருன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. வாங்கினவரோட வந்த அம்மாவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாதாம்."

அதன் பிறகு நான் கவுண்டருக்குத் திரும்ப நேரமாயிற்று. டெரன்ஸ்தான் பார்த்துக்கொண்டார்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒல்லி இன்றும் உன் வீட்டு வாசலில் நிற்பாள். "பத்தாயிரம் போகும், என்னிடம் அவ்வளவு இல்லை, எனக்கு அவளை விட மனசில்லை" என்று செப்டம்பரிலேயே ஒரு வரி எழுதியிருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கமாட்டேன் என்று நீ நினைத்தாய். என்னை நீயும்தான் நம்பவில்லை.

அறை கிடைத்துவிட்டது. ஜன்னல் ஒன்று, கட்டில் ஒன்று, என் பெயருக்கு ஒரு தபால் பெட்டி. புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

போன சனிக்கிழமை இங்கே கடைக்குப் போய்ப் புது மாடலைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, தடிச்சி. உள்ளே உட்கார்ந்தால் ஹோட்டல் வரவேற்பறை மாதிரி. கண்ணாடி பொத்தானை அழுத்தினால் தானாக ஏறுகிறது. பாதி ஏறும்போது என் உள்ளங்கை அதுபாட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. விற்பனைக்காரப் பையன் பதறிவிட்டான், "கை நசுங்கிடுங்க, எடுங்க" என்று.

"உங்ககிட்ட இப்ப என்ன வண்டி இருக்கு?" என்று கேட்டான்.

"இதோட பழைய மாடல் இருந்தது. வித்துட்டோம்."

"அடடா! இப்பத்தானே அதுக்கு விலை ஏறியிருக்கு. யாருங்க உங்களுக்கு விக்கச் சொல்லிக் குடுத்தது?"

அவனுக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

நொரைடா


பதிவுத் தபால், அவசரம்
காகுவாஸ்
26 ஏப்ரல் 1993

நொரைடா,

எல்லாம் படித்தேன். விலாசம் குறித்துக்கொண்டேன்.

புதுசைப் பார்க்க யாரோடு போனாய்?

எஃப்ராயின்


தபால் அட்டை
கிஸ்ஸிமி
3 மே 1993

எஃப்ராயின்,

தனியாகத்தான் போனேன். பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தேன், பழக்கம். ஓட்டுகிற இருக்கை காலியாகத்தான் இருந்தது.

நொரைடா